தறி நிற்கும்போது வரும் நடுக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை. பல்லடம், கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சி, இராசிபுரம் என்று நான்கு ஊர்களிலிருந்து, ஒருவரையொருவர் அறியாத நால்வர், சிறுவயதில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது, பல்லடத்தில் கடை வைத்திருக்கிறேன். சிறுவயதில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் தார் (தறி நாடாவில் வைக்கும் நூல் குழல்) சுற்றுவது என் வேலை. அதில் ஏதாவது தவறினால் அப்பா அடிப்பார். ஆள் இல்லாமல் தறி ஓடினால் துணி கெட்டுவிடும் என்பதால், என்னிடம் வருவதற்கு முன் நான்கு தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுத்தான் வருவார். நான்காவது தறி நின்றதும் பெல்ட் துண்டோடு நிற்பார். இப்போது எங்கள் வீட்டில் தறி இல்லை, தெருவில் உண்டு. மின்சாரம் போய்த் தெரு அடங்கினால் என் கை சில்லிட்டு, கடையில் சில்லறை எண்ண முடியாமல் நிற்கிறேன். தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்கிற நாட்களில் தூக்கமே கிடையாது. அப்பாவுக்கு 72 வயது, மிகவும் சாதுவாகிவிட்டார். பொழுதானால் என் மகனை மடியில் வைத்துக் கச்சாயம் பிய்த்து ஊட்டுகிறார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுந்து வெளியே போய்விடுகிறேன். பெற்ற மகன்மீதே பொறாமைப்படுகிற நான் என்ன மனிதன்? “அடிச்சு வளர்த்ததாலதான் இன்னைக்கு நாலு பேர் மதிக்கற மாதிரி இருக்கறே கண்ணு” என்கிறார். அது உண்மையா? அவரிடம் கேட்டுவிடலாமா, மன்னித்துவிட வேண்டுமா?

பதில்: சத்தத்துக்கு நடுங்குகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். சத்தம் நின்றால் நடுங்குகிறேன் என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் இரண்டும் ஒரே கணக்குத்தான். அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் அடிவாங்கும் குழந்தைக்கு இருக்கும் ஒரே தற்காப்பு. அந்த வீட்டில் அதற்கான அறிகுறி தறிச் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைவது. உங்கள் உடம்பு அதைத் துல்லியமாகக் கற்றுக்கொண்டது. மூளையில் அமிக்டலா என்று வாதுமைக்கொட்டை அளவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடித்து, நீங்கள் யோசித்து முடிப்பதற்கு முன்பே நெஞ்சைப் படபடக்க வைத்து, கையைச் சில்லிட வைப்பது அதன் வேலை. நடந்தது எந்த ஊரில், எந்த வருடத்தில் என்று முத்திரை குத்தி நினைவை அடுக்கிவைப்பது ஹிப்போகாம்பஸ் என்னும் வேறொரு பகுதி. கடும் பயத்தில் இந்த இரண்டாவது வேலை சரியாக நடப்பதில்லை. அதனால்தான் மின்சாரம் போனதும் “1990-களில் இப்படி நடந்தது” என்ற ஞாபகமாக அது வராமல், இப்போதே, இந்தக் கடையிலேயே நடக்கப்போவதைப் போல வருகிறது. உங்களிடம் கோழைத்தனம் எதுவும் இல்லை. பையனாக இருந்தபோது உங்களைக் காப்பாற்றிய காவல்காரனுக்கு வேலை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடிச்சு வளர்த்ததால்தான் ஆளானாய் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் போய்க் கேளுங்கள்: எந்த மாதத்தில், எந்த உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார், கூலி வராத கோபத்தில் யாரும் மரத்தை ஒடிப்பதில்லை. நீங்கள் கடை வைத்து, குடும்பம் நடத்தி, மரியாதையோடு இருப்பது அந்த அடியையும் மீறித்தான். உங்கள் கடிதத்தின் ஓரத்தில், பேனா மாறிய மையில், விடுமுறைக்கு அம்மாயி (பாட்டி) வீட்டுச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, போனால் மட்டும் நிம்மதியாகத் தூங்கியதாக ஒரு வரி இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடியும் சண்டையும் நிறைந்த வீடுகளில் பிறந்த குழந்தைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களில் பலருக்கும் பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ, நம்பிப் போய் நிற்கக்கூடிய ஒரு பெரியவராவது இருந்தார். உங்களை வளர்த்ததில் அம்மாயிக்கு உள்ள பங்கை அப்பாவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

மகன்மீது பொறாமை என்கிறீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அது வரும். அதன் சரியான பெயர் துக்கம். அந்த மடி உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது, கிடைக்கவில்லை. அந்த மனிதருக்கு அன்பு காட்டவே தெரியாது என்று இத்தனை நாள் உங்களையே சமாதானப்படுத்தி வந்தீர்கள்; தெரியும் என்று இப்போது கண்முன்னே தெரிகிறபோது வலி இரண்டு மடங்காகிறது. மகன் கச்சாயம் தின்கிற நேரத்தில் நீங்கள் வெளியே போய் நிற்பதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அங்கே நின்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்.

மின்சாரம் போகும்போது செய்ய ஒன்று சொல்கிறேன், சின்னதுதான். கல்லாப்பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் நீளமாக இருக்கும்படி ஐந்தாறு முறை விடுங்கள். பிறகு வாய்விட்டே சொல்லுங்கள்: இன்று தேதி இது, எனக்கு வயது 41, இது என் கடை, மின்சாரம் போயிருக்கிறது, யாரும் வரவில்லை. கடையில் ஆள் இருந்தால் முணுமுணுத்தால் போதும். ஹிப்போகாம்பஸ் அன்று செய்யத் தவறிய தேதி முத்திரையை இன்று நீங்கள் கையால் குத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதியில் என்று முன்பே தெரிந்துவிடும். அன்று நண்பர் ஒருவரைக் கடையில் உட்கார வைத்துக்கொண்டு பழகிப் பாருங்கள். இரண்டு மாதத்தில் நடுக்கம் தணியாவிட்டால் மருத்துவ உதவி வேண்டும். எங்கே போவது என்பதைக் கடைசிக் கடிதத்துக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவிடம் கேட்கலாமா என்றால், கேட்கலாம். ஆனால் அவர் ஒப்புக்கொண்டால்தான் நான் குணமாவேன் என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்காதீர்கள். 72 வயதில், “அப்படியெல்லாம் ஞாபகம் இல்லையே” என்று அவர் சொல்லக்கூடும். அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பங்காளிகள் கூடியிருக்கும்போது பேசாமல், இருவரும் தனியாக இருக்கும்போது, பத்துச் சம்பவங்களை அடுக்காமல் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: “தறியை நிறுத்திவிட்டு வருவீர்களே, அந்தச் சத்தம் நின்றால் எனக்கு இன்னும் நடுங்குகிறதுங்கப்பா.” அதற்கு மேல் அவர் என்ன சொல்கிறார் என்பது அவர் பாடு. மன்னிப்பைப் பொறுத்தவரை, அது உங்களுக்குள் தானாக வந்தால் வரட்டும். அதற்குக் காலக்கெடு வைக்கும் உரிமை என்னையும் சேர்த்து யாருக்கும் இல்லை.

கேள்வி: எனக்கு 40 வயது, கோபிசெட்டிபாளையம். பத்து வயதில் தொடங்கி மூன்று வருடம், விடுமுறைக்குப் போகும் வீட்டில், அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். பதினாறு வயதில் அம்மாவிடம் சொன்னேன். “வெளிய சொன்னா நம்ம மானம்தான் போகும் சாமி” என்று வாயை அடைத்துவிட்டார். இப்போது என் மகளுக்குத் தெரட்டிச் சீர் (பூப்பு நீராட்டு விழா) வைத்திருக்கிறோம்; அவருக்குப் பத்திரிகை வைத்தே ஆக வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். நான் அப்போதே ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதில்: முதலில் அந்தக் கடைசிக் கேள்வி. ஆபத்து வந்தால் உடம்புக்குத் தெரிந்த வழிகள் எதிர்ப்பதும் ஓடுவதும் மட்டுமல்ல. எதிராளி பெரியவராக, வீட்டுக்கு வேண்டியவராக இருந்து, ஓடினாலும் போய்ச் சேர வேறு இடம் இல்லாதபோது, உடம்பு கல்லாகச் சமைந்துவிடும். தொண்டையிலிருந்து சத்தம் வராது. பாம்பைக் கண்ட முயல் அசையாமல் நிற்பதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த முயலிடம் யாரும் சம்மதமா என்று கேட்பதில்லை. பத்து வயதுக் குழந்தை அந்த முடிவை எடுக்கவே இல்லை, அதன் உடம்பு எடுத்தது. ஆகவே நீங்கள் தவறிய கடமை என்று ஒன்று அங்கே கிடையாது. கத்த வேண்டியவர்களும் காக்க வேண்டியவர்களும் பெரியவர்கள்.

நீங்கள் தனி ஆளும் அல்ல. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப்பேருக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன குழந்தைக்கு உங்கள் அம்மா சொன்ன பதில்தான் எத்தனை வீடுகளில் கிடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபமாக வருகிறது. மானம் என்ற சொல்லை, தவறு செய்தவர்மீது போடாமல் பட்டவள்மீது போடுகிற வழக்கத்தை எந்தச் சீர் முறையிலும் நான் கண்டதில்லை. அது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

பத்திரிகை வைக்க வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் மகள் மணையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வந்து திருநீறு பூசி ஆசீர்வதிப்பார்; அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் வந்தவர்களைச் சிரித்து வரவேற்க வேண்டும். அந்தச் சோதனை உங்களுக்கு எதற்கு? சீருக்கு உரிய தாய்மாமன் உங்கள் உடன்பிறந்தவர். இன்னொருவர் வராததால் முறை எதுவும் குறைந்துவிடாது. அம்மாவிடம் காரணத்தை மறுபடியும் விளக்கிக்கொண்டிருக்காமல், “அவர் வந்தால் நான் மண்டபத்தில் இருக்க மாட்டேனுங்கம்மா” என்று ஒரே வாக்கியத்தில் நிறுத்துங்கள். கணவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் அன்று உங்கள் பக்கம் நிற்க, விஷயம் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்; அண்ணனோ, தோழியோ யாராக இருந்தாலும் சரி.

அவர் இன்றும் குழந்தைகள் உள்ள வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் என்னை உறுத்துகிறது. இப்போது எந்தக் குழந்தைக்காவது ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் துறைக்கோ சொல்லிவிட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் உரிய கடமை. உங்களுக்கு நடந்தது அந்தச் சட்டத்துக்கு முந்தைய காலம் என்பதால், அன்றிருந்த தண்டனைச் சட்டத்தின்படியே பார்க்க முடியும். அந்த வழியில் போக விரும்பினால் பெண் வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் கலந்து பேசுங்கள். போகாமல் விட்டாலும் உங்கள் காயம் சிறியதாகிவிடாது.

கேள்வி: பொள்ளாச்சியில் இருக்கிறேன், வயது 31. நான்கு வயது மகள் சோற்றைத் தட்டிவிட்டால் என்னை அறியாமல் கை ஓங்கிவிடுகிறது. என் அம்மாவின் வசவு என் வாயிலிருந்து வருகிறது. பிறகு குளியலறைக்குள் போய் அழுகிறேன். என் குழந்தையும் என்னைப் போலவே ஆகிவிடுவாளா? அவள் இரவில் திடுக்கிட்டு எழுவதைப் பார்த்து, பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார் என் மாமியார்.

பதில்: கயிறு கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கே என் அம்முச்சி (பாட்டி) கட்டியிருக்கிறார். ஆனால் அன்று பயம் தெளிந்தது கயிற்றினாலா, மந்திரித்து முடியும்வரை அவர் என்னை மடியில் அமர்த்தித் தலையைத் தடவிக்கொண்டிருந்ததாலா என்று இப்போது யோசிக்கிறேன். மாமியாரிடம் அந்த மடியையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடிபட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் அடிப்பதில்லை. செல்மா ஃப்ரைபெர்க் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1975-இல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரை ஒன்றில் இதைக் கவனித்தார்: தனக்கு நடந்ததை மட்டுமல்லாமல், அப்போது தான் பட்ட வலியையும் நினைவில் வைத்திருக்கும் தாய், அதைத் தன் குழந்தைக்குக் கைமாற்றுவது குறைவு. சம்பவம் ஞாபகமிருந்து வலி மறந்துபோனவர்கள்தான் “நானும் அடிவாங்கித்தான் வளர்ந்தேன்” என்று சொல்லிக்கொண்டு கையை ஓங்குகிறார்கள். குளியலறையில் அழுகிற உங்களுக்கு வலி மறக்கவில்லை. அந்த அழுகையைக் கதவுக்கு உள்ளே வைத்துக்கொள்ளாமல், முகம் கழுவிவிட்டு வெளியே வந்து, மகளின் உயரத்துக்குக் குனிந்து சொல்லுங்கள்: “அம்மா அடிச்சது தப்பு. சோறு கொட்டினதுக்கு அடிக்கக் கூடாது. அம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு, உன்மேல தப்பில்லை கண்ணு.” முறிந்ததை அன்றைக்கே ஒட்டவைப்பதுதான் பெரிய வித்தியாசம், உங்கள் அம்மா ஒருநாள் இப்படி வந்து சொல்லியிருந்தால் உங்கள் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். கோபம் தலைக்கேறும்போது சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் இரண்டு நிமிடம் போய்வாருங்கள். குழந்தையை அந்த நேரம் மாமியாரிடம் விடுங்கள். கை ஓங்குவது வாரத்துக்குப் பலமுறை நடந்தால், அல்லது மகளின் திடுக்கிடல் தொடர்ந்தால், இருவருமாகவே ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் இராசிபுரம், வயது 19. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் விடுதிப் பள்ளியில் படித்தேன். மதிப்பெண் குறைந்தால் எல்லோர் முன்னாலும் முட்டிபோட வைத்து அடிப்பார்கள். இப்போதும் விடியற்காலை நாலரைக்கு விசில் சத்தம் கேட்டதைப் போல விழித்துக்கொள்கிறேன்; தேர்வு அறையில் கை உதறுகிறது. மற்றவர்கள் பட்டதோடு பார்த்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. இதற்குப் போய் மருத்துவரைப் பார்க்கலாமா? மாத்திரை கொடுத்துவிடுவார்களா? ஊரில் பைத்தியம் என்பார்கள்.

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். அடுத்தவர் காயத்தை அளந்து பார்த்துத் தன் காயத்துக்கு மருந்து போடுவது உலகத்தில் எங்கேயும் இல்லை. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுத் துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்குவரை கூடுவதாகக் காட்டியது. இணையத்தில் அந்த ஆய்வின் கேள்விப் பட்டியலை நிரப்பி மதிப்பெண் போட்டுக்கொண்டு பயந்துபோய் எழுதுகிறவர்கள் உண்டு. அது மக்கள்தொகைக்கான கணக்கு; தனி ஆளுக்கு ஜாதகம் கணிக்கும் கட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசி, 2022 அக்டோபர் முதல் இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்ப்பதற்கு, உங்களுக்குச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கம். கோவை, திருப்பூர்ப் பகுதி வாசகர்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். மனநல மருத்துவர் தேவைப்பட்டால்தான் மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார், பேசியும் பயிற்சி கொடுத்தும் சிகிச்சை செய்வார். நடந்ததைப் பாதுகாப்பான சூழலில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லப் பழக்கி, அதோடு ஒட்டிக்கொண்ட “நான் உருப்படாதவன்” போன்ற எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவைக்கும் சிகிச்சை ஒன்று; பழைய காட்சியை நினைத்தபடியே கண்ணை இடமும் வலமும் அசைக்கவைக்கும் இ.எம்.டி.ஆர். மற்றொன்று. இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிற ஆலோசகராக இருந்தால் வேறு ஒருவரைப் பாருங்கள். முதலில் தூக்கம், சாப்பாடு, நடுக்கம் ஆகியவை நிலைப்பட வேண்டும். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டும்தான் விலக்கு உண்டு. 19 வயதில் நீங்கள் தனியாகவே போகலாம். போவதற்கு முதல் நாள் இரவு, நாலரை மணிக்கு எழுந்ததும் உடம்பில் எங்கெங்கே என்ன செய்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். அங்கே போய் உட்கார்ந்ததும் பேச்சு வராமல் தொண்டை அடைத்தால், அந்தத் தாளை மேசைமேல் தள்ளிவிட்டால் போதும். அதைப் படித்து அவரே கேட்டுக்கொள்வார்.